ஊர்ப் பெயர் சொல்லி விற்கும் சேலைகள்: எதைப் பார்த்து நம்புவது?

மல்லிமொக்கு (பதிவு 1)

தங்கைக்குத் தை மாதத்தில் கல்யாணம். முகூர்த்தப் பட்டு எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கடை கடையாக ஏறி இறங்கியாகிவிட்டது. எங்கே போனாலும் எல்லாமே காஞ்சிபுரம்தான். ஒரு கடையில் "இது காஞ்சிபுரம், இது ஆரணி, இது தர்மாவரம்" என்று எனக்குப் பிரித்துக் காட்டிய அதே விற்பனையாளர், அடுத்து வந்த அம்மாவிடம் அந்தத் தர்மாவரத்தையே காஞ்சிபுரம் என்று விரித்துப் போட்டார். என் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். பட்டு, அகலக் கரை, ஜரிகை முந்தானை.

இந்த மூன்று மட்டும் இல்லை. கத்வால், இல்கல், பைத்தானி, படோலா, சுங்குடி என்று எல்லாவற்றுக்கும் ஊரோ பெயரோ ஒன்று இருக்கிறது. இந்தப் பெயரை எதை வைத்துக் கொடுக்கிறார்கள்? டிசைனை வைத்தா, நூலை வைத்தா, நெய்கிற விதத்தை வைத்தா? வாங்குகிறவர் பார்த்துக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "விலை அதிகமா இருந்தா அசல்" என்ற பதில் மட்டும் வேண்டாம், அதை அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

தறிமேடை (பதிவு 2)

எங்கள் வீட்டில் தாத்தாவும் அப்பாவும் காஞ்சிபுரம் பக்கத்தில் கோர்வைச் சேலை நெய்தவர்கள். நானும் தறியில் உட்கார்ந்து பழகியவன், ஆனால் பிழைப்பு வேறு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலை, சேலையைத் திருப்புங்கள். கடையில் எல்லோரும் முகப்பக்கத்தைத்தான் காட்டுவார்கள். மயில், அன்னம், யாழி, கோபுரம், ருத்ராட்சம் எல்லாம் முகப்பக்கத்து விஷயம். ஜக்கார்டு அட்டை (தறியில் டிசைனை எடுக்க வைக்கும் துளையிட்ட அட்டை) இருந்தால் அந்த டிசைனை எந்த ஊரிலும் எடுத்துவிடலாம். அதனால் டிசைனை வைத்து ஊர் சொல்வது இன்றைக்குச் செல்லாது.

பழைய காஞ்சிபுரத்தின் கைநேர்த்தி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, உடலும் கரையும் சேரும் இடம். உடல் ஒரு நிறம், கரை முற்றிலும் வேறு நிறம் என்று இருக்கும் சேலையில் மூன்று நாடா (ஊடு, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கருவி) ஓடும். வலக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, இடக்கரைக்கு ஒன்று. உடலின் ஊடு கரைக்குள் போகாது, கரையின் ஊடு உடலுக்குள் வராது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று கோத்துக்கொண்டு திரும்பும். இதுதான் கோர்வை. நெய்பவர் ஒரு பக்கத்து நாடாவைப் பார்த்துக்கொள்வார், மறுபக்கத்து நாடாவை எறிய இன்னொரு ஆள் வேண்டும். இரண்டு பேர் உழைப்பு.

இப்போது விரலால் அந்தச் சேரும் கோட்டைத் தடவிப் பாருங்கள். கோர்வையில் பின்பக்கம் ஒரு மெல்லிய வரம்பு தட்டும், கரையின் நிறம் கரையிலேயே நிற்கும். கோர்வை இல்லாத சேலையில் ஒரே நாடா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியிருக்கும். அதில் உடலின் ஊடு நிறம் கரையிலும் கலந்துதான் தெரியும். ஜரிகையை அடர்த்தியாகப் போட்டு அந்தக் கலப்பை மறைப்பார்கள்.

இரண்டாவது, உடலும் முந்தானையும் சேரும் இடம். இதைப் பெட்னி என்போம். முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் சுலபமான வழி ஊடு நூலை மட்டும் மாற்றுவது. ஆனால் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், பழைய நிறத்திலேயே இருப்பதால் முந்தானை இரண்டு நிறமும் கலந்த ஒரு நிறமாகத்தான் வரும். பெட்னியில் பாவையே மாற்றுகிறார்கள். உடலின் பாவு இழைகளோடு முந்தானையின் பாவு இழைகளை இணைத்து, கொஞ்ச தூரம் சேர்த்து நெய்து, பழைய பாவை வெட்டி விடுவார்கள். அந்த இடம் சற்றுத் தடித்து, நேர்க்கோடாக இல்லாமல் இருக்கும். கடையில் சிலர் அதைப் பார்த்து "டேமேஜ்" என்று ஒதுக்குவதைக் கண்டிருக்கிறேன். வயிறு எரியும்.

ஆரணியும் தர்மாவரமும் மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆரணிப் பட்டு எடை குறைவு, நாள் முழுக்கக் கட்டியிருக்கலாம். அதை ஆரணி என்று சொல்லியே விற்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

கணக்குப்பிள்ளை (பதிவு 3)

தடவிப் பார், திருப்பிப் பார் என்பதெல்லாம் சரி. மேடையில் நிற்கும் பெண்ணின் சேலையை யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள்? முகப்பக்கம்தான் போட்டோவில் வரும். வாங்குகிறவருக்குத் தெரியாத, பார்க்கிறவருக்கும் தெரியாத ஒரு வித்தியாசத்துக்கு இரண்டு மடங்கு பணம் எதற்கு? புவிசார் குறியீடு, சில்க் மார்க் என்று அரசாங்கம் சீட்டு கொடுக்கிறது. சீட்டைப் பார்த்து வாங்கினால் போதாதா?

தறிமேடை (பதிவு 4)

சீட்டு எதற்குச் சாட்சி என்று தெரிந்து வாங்கினால் போதும். நிறையப் பேர் குழம்புவது இங்கேதான்.

சில்க் மார்க் மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் வந்தது. அது சொல்வது ஒன்றே ஒன்று: இது சுத்தப் பட்டு. கைத்தறியா விசைத்தறியா, எந்த ஊர், ஜரிகை வெள்ளியா என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் கைத்தறி என்று சொல்லும். பட்டா பருத்தியா என்பது அதன் வேலை அல்ல. புவிசார் குறியீடு இன்ன பகுதியில் இன்ன முறைப்படி செய்தது என்று சொல்லும். அந்தச் சட்டம் 1999-இல் நிறைவேறி 2003-இல் நடைமுறைக்கு வந்தது, காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06 வாக்கில் கிடைத்தது. விற்பனையாளர் சில்க் மார்க் அட்டையைக் காட்டி "பாருங்க, அசல் காஞ்சிபுரம்" என்றால், நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை.

ஜரிகை தனிக் கதை. நல்ல ஜரிகையில் நடுவே பட்டு நூல், அதன்மேல் வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிறது. காஞ்சிபுரத்தில் அரசின் ஜரிகை ஆலையும் உண்டு. டெஸ்டட் ஜரிகையில் வெள்ளிக்குப் பதில் செம்பு இருக்கும். தொங்கும் ஜரிகை நூலை லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் நல்ல அறிகுறி என்பார்கள். ஆனால் உள்ளே சிவப்புச் சாயம் போட்ட நூல் வைத்தும் செய்கிறார்கள், ஆகவே அதை மட்டும் நம்பாதீர்கள். எங்கே சோதித்துத் தருவார்கள் என்று கேட்டு, பில்லில் ஜரிகை வகையை எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விடை கிடைத்துவிட்டது.

ஹூப்ளிமெயில் (பதிவு 5)

வேலைக்காகக் கர்நாடகத்தின் வடக்கில் இருக்கிறேன். தறிமேடை அண்ணா சொன்ன பெட்னியைப் படித்ததும் இல்கல்தான் நினைவுக்கு வந்தது. இங்கே பாகல்கோட் மாவட்டத்தில் இல்கல் என்று ஊர். அந்தச் சேலையிலும் உடலின் பாவும் முந்தானையின் பாவும் வேறு வேறு. ஒரு பாவின் நுனியை இன்னொன்றின் நுனியோடு கண்ணி போட்டு மாட்டுகிறார்கள். முந்தானை பெரும்பாலும் சிவப்பு, அதில் சீப்புப் பல் மாதிரியோ கோபுர நுனி மாதிரியோ வெள்ளை வரும். அதற்கு தோப் தெனி என்று பெயர். சிவப்பு முந்தானை வைத்த சேலையெல்லாம் இல்கல் என்று இங்கேயும் விற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் உள்ளூர்ப் பாட்டிகள் அந்தக் கண்ணிக் கோட்டை நகத்தால் தேடிவிட்டுத்தான் விலை பேசுவார்கள்.

அடுத்து கத்வால், தெலங்கானா. உடல் பருத்தி, கரையும் முந்தானையும் பட்டு. பருத்தியும் பட்டும் இழுவிசையில் ஒத்துப்போகாது. இரண்டையும் ஒரே தறியில் ஏற்றி, சேரும் இடத்தில் ஊடைக் கோத்து நெய்கிறார்கள். நம் கோர்வைக்குப் பங்காளி முறை. அங்கே அதைக் குப்படம் என்கிறார்கள். வெயிலுக்குப் பருத்தியும் வேண்டும், விசேஷத்துக்குப் பட்டும் வேண்டும் என்ற இரண்டு தேவையும் சேர்ந்த சேலை. இப்போது கத்வால் என்ற பெயரில் முழுப் பட்டும் வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் ஒட்டவில்லை.

மைசூர் சில்க் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். அரசு ஆலையில் நெய்வது, ஆரம்பத்திலிருந்தே விசைத்தறி. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1912-இல் தொடங்கியது.

கணக்குப்பிள்ளை (பதிவு 6)

இதோ மாட்டிக்கொண்டீர்கள். மைசூர் சில்க் விசைத்தறி. அதை வாங்க ஜனங்கள் விடியற்காலையில் வரிசையில் நிற்கிறார்கள். யாரும் போலி என்று சொல்வதில்லை. அப்படியானால் கைத்தறி புனிதம், விசைத்தறி பாவம் என்ற பேச்சு எங்கே போயிற்று?

ஹூப்ளிமெயில் (பதிவு 7)

யாரும் பாவம் என்று சொல்லவில்லை சார். மைசூர் சில்க் தன்னை விசைத்தறி என்று மறைத்ததில்லை. அரசு ஆலை, சேலைக்குச் சேலை எண், தூய ஜரிகை, எல்லாம் வெளிப்படை. நூறு வருஷம் அதே ஒழுங்கில் செய்ததால் அந்தப் பெயருக்கு மதிப்பு. விசைத்தறியில் ஓட்டிவிட்டு "ரெண்டு பேர் உட்கார்ந்து நெய்த கோர்வை" என்று விற்பதுதான் தப்பு. 1985-இல் வந்த சட்டம் சில வகைச் சேலைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியும் வைத்திருக்கிறது.

கஜம்ஒன்பது (பதிவு 8)

நூலையும் தறியையும் பற்றியே பேசுகிறீர்களே குழந்தைகளா, கட்டுகிற விதத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. சேலை மடித்து வைத்திருக்கும்போது வெறும் துணி. அந்தந்த ஊர்ச் சேலையின் நீளமும் கரையும் அந்த ஊர்க் கட்டுக்காக வந்தவை.

இப்போது இந்தியா முழுக்கக் கட்டுவது ஒரே கட்டு. முன்னால் கொசுவம், இடது தோளில் முந்தானை, உள்ளே பாவாடை, மேலே ரவிக்கை. இது எல்லா இடத்திலும் தொன்றுதொட்டு இருந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரவீந்திரநாத் தாகூரின் அண்ணி ஞானதானந்தினி தேவி 1860களில் கணவரோடு பம்பாய் போனபோது பார்சிப் பெண்கள் கட்டுவதைப் பார்த்து, ரவிக்கை, பாவாடையோடு வெளியே போய் வரத் தோதான ஒரு கட்டை வங்காளத்தில் பழக்கினார். ஆந்திரப் பக்கத்து நிவிக் கட்டும் பரவி, எல்லாம் கலந்து இன்றைய கட்டு வந்தது. அதற்கு ஆறு கஜம் போதும். ஒன்பது கஜம் பெட்டிக்குள் போய்விட்டது.

மடிசாருக்கு ஒன்பது கஜம், அதாவது பதினெட்டு முழம். கச்சம் வைத்து, அதாவது கால்களுக்கு நடுவே வாங்கிப் பின்னால் செருகிக் கட்டுவதால் உள்பாவாடை தேவையில்லை. ஐயர் வீட்டில் முந்தானை வலது தோளில், ஐயங்கார் வீட்டில் இடது தோளில். மகாராஷ்டிரத்து நவ்வாரியும் ஒன்பது கஜம்தான், அதிலும் கச்சம் உண்டு. ஆனால் பார்த்தவுடன் வேறு என்று தெரியும். குடகுப் பெண்கள் கொசுவத்தைப் பின்னால் செருகுவார்கள். காவேரி பாய்ந்து ஓடிய வேகத்தில் கொசுவம் பின்னால் போய்விட்டது என்று அங்கே கதை சொல்வார்கள். குஜராத்தில் முந்தானை பின்னாலிருந்து வலது தோள் வழியாக முன்னால் வந்து விரியும். படோலாவோ, புள்ளி புள்ளியாகக் கட்டிச் சாயம் போட்ட பாந்தனியோ, அதன் முந்தானை அழகெல்லாம் நெஞ்சின்மேல் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்தச் சேலையை வாங்கி நம் கட்டில் கட்டினால் முக்கால்வாசி அழகு முதுகுப் பக்கம் போய்விடும்.

இப்போது தைத்த மடிசார் விற்கிறார்கள். கொக்கி மாட்டினால் கட்டு முடிந்தது. திட்ட மனசு வரவில்லை, கல்யாணத்தன்று அவசரத்துக்கு ஆகிறது.

காரைக்குடிக்காரி (பதிவு 9)

மாமி, மடிசாரோடு நிறுத்திவிட்டீர்களே. தமிழ்நாட்டில் நிறையப் பேர் கட்டியது பின்கொசுவம். எங்கள் ஆயா கடைசி வரை அதுதான். கொசுவத்தை இடுப்புக்குப் பின்னால் செருகி, மடிப்பு வெளியே விசிறி மாதிரி நிற்கும். முன்பக்கம் கால் தடுக்காது. நாற்று நடலாம், தண்ணீர்க் குடம் தூக்கலாம், படி ஏறலாம்.

கண்டாங்கி அந்தக் கட்டுக்காகப் பிறந்த சேலை. கெட்டிப் பருத்தி, பெரிய கட்டம், அகலக் கரை. பழைய கண்டாங்கி அகலம் குறைவாக, கணுக்கால் தெரியும்படி இருக்கும். அந்தச் சேலையைப் பின்கொசுவமாகக் கட்டும்போது கரை ஏன் அவ்வளவு அகலம் என்று புரியும். இடுப்பைச் சுற்றி, பின்மடிப்பில் விரிந்து, முழுக் கரையும் வெளியே நிற்கும். இப்போது அதே கண்டாங்கியை முன்கொசுவம் வைத்து, ஃபால்ஸ் அடித்து, கஞ்சி போட்டு ஆபீசுக்குக் கட்டுகிறோம். கட்டலாம், நானும் கட்டுகிறேன். கொசுவம் முன்னால் விறைத்துக்கொண்டு நிற்பதால் ஒரு சுற்று பருத்த மாதிரி தெரியும். அது சேலையின் குற்றம் இல்லை.

2019-இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு வந்தது. அதே வருஷம் திருபுவனம் பட்டுக்கும் வந்தது, 2023-இல் நெகமம் பருத்திக்கு. குறியீடு வந்த பிறகு கண்டாங்கி மாதிரி அச்சடித்த மெஷின் சேலைதான் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. பெயர் பிரபலமானது, நெய்கிறவருக்கு என்ன கிடைத்தது என்று யாராவது சொல்லுங்கள்.

சும்மாவந்தேன் (பதிவு 10)

வேட்டி வாங்கும்போது எட்டு முழமா நாலு முழமா என்று மட்டும் கேட்கிற ஜென்மம் நான். இந்த இழையைப் படித்துவிட்டு வீட்டம்மாவின் பட்டைத் திருப்பிப் பார்த்தேன். "என்ன, ஓட்டை தேடுறீங்களா?" என்று கேட்டாள். தொடருங்கள்.

வங்காளவிரிகுடா (பதிவு 11)

திருப்பிப் பார்க்கும் சூத்திரம் தெற்குக்கு மட்டும் அல்ல. ஒடிசாவிலும் வங்காளத்திலும் சில வருஷம் இருந்தேன், அங்கேயும் இதேதான்.

பைத்தானியை எடுங்கள். நாசிக் மாவட்டத்து யேவலாவில் இன்றும் நெய்கிறார்கள். முந்தானையில் மயில், கிளி, தாமரை. கைவேலைப் பைத்தானியில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஊடு நூல், அந்த உருவத்தின் எல்லை வரை போய்க் கோத்துக்கொண்டு திரும்பும். அதனால் பின்பக்கமும் ஏறக்குறைய முன்பக்கம் போலவே சுத்தமாக இருக்கும். ஜக்கார்டில் எடுத்த நகலைத் திருப்பினால் நூல்கள் குறுக்கே தொங்கும், அல்லது வெட்டிய நுனிகள் மயிர் மாதிரி நிற்கும். ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இக்கத் வேறு ரகம். அதில் நெய்த பிறகு அச்சடிப்பதில்லை, நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். பாவில் மட்டும் கட்டலாம், ஊடில் மட்டும் கட்டலாம். குஜராத்தின் பாட்டன் என்ற ஊர்ப் படோலாவில் இரண்டிலும் கட்டுகிறார்கள். பாவில் இருக்கும் சிவப்புப் புள்ளி ஊடில் இருக்கும் சிவப்புப் புள்ளியின்மேல் துல்லியமாக வந்து உட்கார வேண்டும். ஒவ்வொரு ஊடையும் ஊசியால் தள்ளிச் சரிசெய்வார்கள். ஒரு சேலைக்கு ஆறு மாதம், அதற்கு மேலும் ஆகும். இந்த வேலையைச் செய்யும் சால்வி குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். கிழிந்தாலும் கிழியும், சாயம் போகாது என்று குஜராத்தியில் ஒரு பழமொழியே உண்டு. அதே படோலா பெயரில் ராஜ்கோட்டில் ஊடில் மட்டும் கட்டி நெய்வது குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதுவும் நேர்மையான சேலைதான், பாட்டன் என்று சொல்லாத வரைக்கும். சேலைமேல் படோலா டிசைனை அச்சடிப்பது மூன்றாவது ரகம். அதைத் திருப்பினால் பின்பக்கம் வெளுத்துத் தெரியும்.

ஒடிசாவின் சம்பல்புரியும் தெலங்கானாவின் போச்சம்பள்ளியும் இதே குடும்பம். கட்டி முக்கும்போது சாயம் கொஞ்சம் கசிவதால் உருவத்தின் ஓரம் இறகு மாதிரி மங்கியிருக்கும். ஓரம் கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பூரி ஜகந்நாதருக்குச் சாத்தும் கண்டுவா பட்டில் கீதகோவிந்த வரிகளையே இப்படிக் கட்டி நெய்கிறார்கள், எழுத்து நூலிலேயே வந்துவிடும்.

ஜாம்தானியைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஜக்கார்டு எதுவும் இல்லாமல், ஒவ்வொரு பூவுக்கும் தனி நூலைக் கையால் செருகி நெய்வது. டாக்கா ஜாம்தானியை 2013-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நம் பக்கத்தில் ஆந்திரத்தின் உப்பாடாவில் அதே முறையில் செய்கிறார்கள்.

மதுரைக்காரர்கள் சுங்குடியைப் பற்றி எழுதுவீர்கள் என்று பார்த்தேன், ஆளைக் காணோம்.

வைகைக்கரை (பதிவு 12)

வந்துவிட்டேன். நெய்த பருத்தித் துணியில் ஒவ்வொரு புள்ளியாகக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, பிறகு பிரிப்பதுதான் சுங்குடி. மதுரையில் சௌராஷ்டிரச் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்தது. கட்டைப் பிரித்தவுடன் அந்த இடத்தில் துணி சிறு மொட்டாகப் புடைத்து நிற்கும். சலவை செய்ய செய்ய அடங்கும். இப்போது சந்தையில் சுங்குடி என்று கிடைப்பதில் பெரும்பாலும் மெழுகு அச்சு, அல்லது நேரடி அச்சு. புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில், ஒரே வரிசையில் ராணுவம் மாதிரி நின்றால் அது கையால் கட்டியது அல்ல. அச்சுச் சுங்குடியும் வெயிலுக்கு அருமை. விலையும் கைக்கு அடங்கும். அதைக் கட்டுச் சுங்குடி விலைக்கு வாங்காமல் இருந்தால் போதும்.

மல்லிமொக்கு (பதிவு 13)

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி ஒரு கடைக்குப் போய்ச் சேலையைத் திருப்பினேன். விற்பனையாளர் முகம் மாறியது. "கோர்வையா?" என்று கேட்டதும் உள்ளேயிருந்து வேறு கட்டு எடுத்து வந்தார்கள். அந்த ஒரு கேள்விக்கே இந்த மதிப்பு.

இன்னொரு விஷயம். அம்மாவின் கூறைப்புடவை வீட்டில் இருக்கிறது. அரக்குக் கட்டம், ஒன்பது கஜம், மாயவரம் கூறைநாட்டில் எடுத்தது என்று சொல்வார். மடிப்புக் கோடுகளில் பட்டு விட்டுப்போயிருக்கிறது, ஜரிகை கறுத்திருக்கிறது. "பழைய பட்டு எடுக்கிறோம்" என்று தெருவில் வருபவரிடம் போட்டுவிடலாம் என்கிறார் சித்தி. என்ன செய்யலாம்?

பெட்டிச்சாவி (பதிவு 14)

போடாதீர்கள்! அவர்கள் அதை எரித்து வெள்ளியை எடுக்கத்தான் வாங்குகிறார்கள். எத்தனையோ பழைய கரை, பழைய கட்டம் இப்படித்தான் அடுப்பில் போயிற்று. அதை மறுபடி நெய்ய மாதிரிகூட மிஞ்சவில்லை.

மடிப்பில் விட்டுப்போவதற்குக் காரணம் வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தது. ஜரிகை உலோகம், மடிப்பில் அழுந்தி அழுந்திப் பக்கத்துப் பட்டு இழையை அறுக்கும். ஆகவே சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் உள்ளே நிற்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். இரும்பு ஹேங்கரில் தொங்கவிட்டால் கனமான முந்தானை தன் எடையாலேயே கிழியும். சென்ட்டை நேராக ஜரிகைமேல் அடித்தால் கறுப்பதை யாராலும் தடுக்க முடியாது. ரசகற்பூர உருண்டையைத் துணியில் படும்படி போடாதீர்கள்.

கறுத்த ஜரிகையை வீட்டில் எலுமிச்சை, பேஸ்ட் என்று தேய்க்க வேண்டாம், முலாம் போய்விடும். விட்டுப்போன இடத்துக்குப் பின்னால் மெல்லிய வலைத்துணி வைத்துப் பிடித்துத் தைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். உடல் தேறாது என்றால் கரையையும் முந்தானையையும் மட்டும் எடுத்து வேறு பட்டில் வைத்துத் தைக்கலாம். தங்கைக்கு அதுவே இன்னொரு சேலை.

கணக்குப்பிள்ளை (பதிவு 15)

படித்துக்கொண்டுதான் வருகிறேன். தறிமேடைக்கு ஒரு நேர்க்கேள்வி. கோர்வைக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்றீர்கள். அந்த இரண்டாவது ஆள் அந்தக் காலத்தில் யார்? பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன்தானே? அப்படி நெய்த சேலையைக் காணாமல் போகிறதே என்று அழ வேண்டுமா?

தறிமேடை (பதிவு 16)

உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளில் குழந்தைகள் உட்கார்ந்தார்கள். முன்பணம் வாங்கிய கடனுக்காகப் பிள்ளையைத் தறிக்கு அனுப்பிய குடும்பங்கள் இருந்தன. அது நின்றது நல்லது, நிற்க வேண்டியதுதான். என் அப்பா கோர்வையை விட்டதும் நான் பள்ளிக்கூடம் போனதும் ஒரே வருஷத்துச் சங்கதி.

அதன் பிறகு கோர்வையின் உண்மையான விலை வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டாவது ஆள் வளர்ந்த ஆளாக இருந்தால் அவருக்கும் முழுக் கூலி கொடுக்க வேண்டும். அதைச் சேலை விலையில் சேர்த்தால் வாங்குபவர் ஒற்றை நாடாச் சேலைக்குப் போய்விடுகிறார், ஏனென்றால் முகப்பக்கத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் பதிவு 3-இல் கேட்டீர்களே, யாருக்கும் தெரியாத வித்தியாசத்துக்கு எதற்குப் பணம் என்று. அந்தப் பணம் அந்த இரண்டாவது ஆளின் கூலி. வேண்டாம் என்பவர்கள் ஒற்றை நாடாச் சேலையை அந்த விலைக்கு வாங்கட்டும், தப்பே இல்லை. கோர்வை என்று சொல்லி ஒற்றை நாடாவை விற்கும்போது அந்தக் கூலி கடைக்காரர் பைக்குப் போகிறது.

கணக்குப்பிள்ளை (பதிவு 17)

இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாமே. இருந்தாலும் கூலி அந்த ஆளுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதை பில்லில் யாரும் எழுதுவதில்லை. அந்தச் சந்தேகம் எனக்குத் தீரவில்லை.

காரைக்குடிக்காரி (பதிவு 18)

எனக்கும் தீரவில்லை. கோ-ஆப்டெக்ஸில் சில சேலைகளோடு நெய்தவரின் படமும் பெயரும் உள்ள அட்டை கொடுத்தார்கள். அது ஓரளவு தேவலை. கூட்டுறவுச் சங்கத்தில் நேராக வாங்கினால் இடையில் கைகள் குறையும்.

மல்லிமொக்கு (பதிவு 19)

முடிவு எடுத்துவிட்டோம். முகூர்த்தத்துக்குக் கோர்வை, மிளகாய்ப்பழச் சிவப்பில் உடல், மயில்கழுத்துக் கரை. கடையில் எடுக்காமல் சங்கத்தில் ஆர்டர் கொடுக்கலாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். வரவேற்புக்குத் தங்கை கத்வால் கேட்கிறாள், பருத்தி உடல் உள்ளதுதான் வேண்டும் என்று இந்த இழையைப் படித்துவிட்டு அடம் பிடிக்கிறாள். அம்மாவின் கூறையில் கரையை எடுத்துப் புதுப் பட்டில் வைக்கக் கொடுத்தாயிற்று. அண்ணா, ஆர்டர் கொடுக்கும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

தறிமேடை (பதிவு 20)

தை மாதம் என்றால் இப்போதே கொடுத்துவிடுங்கள், பாவு ஏற்றவே நாளாகும். முந்தானை பெட்னியா, ஊடு மட்டும் மாற்றியதா என்று கேளுங்கள். பெட்னி என்றால் முந்தானைக்குத் தனிப் பாவு, விலை ஏறும். மயில்கழுத்து பாவும் ஊடும் வேறு நிறத்தில் வந்தால்தான் மினுங்கும், இரண்டு நிறத்தையும் நூலாகக் காட்டச் சொல்லி வெயிலில் பாருங்கள், குழல்விளக்கு ஏமாற்றும். ஜரிகை வகையும் சேலையின் எடையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். ரவிக்கைத் துணி சேலையோடு சேர்த்தா தனியா என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். தங்கை உயரமா? அப்படியானால் நீளத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள், தறியில் இருக்கும்போதுதான் முடியும்.